ஒரே தட்டு, எட்டுக் கை: சஹ்ராவி கூஸ்கூஸ் செய்முறை

கூஸ்கூஸ் (கோதுமை ரவையை உருட்டிச் செய்த சிறு மணிகள்) வேண்டும் என்று முதல்முறை கேட்டபோது மளிகைக்கடைக்காரர் நூறு கிராம் கசகசாவை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை, நான்தான் வாய்க்குள்ளேயே சொன்னேன். இப்போது நிலைமை பரவாயில்லை, பெரிய கடைகளில் அரைக் கிலோ பெட்டியாகவே கிடைக்கிறது. ஆனால் பெட்டியின் முதுகில் ஒரு செய்முறை அச்சடித்திருப்பார்கள்: கொதிக்கிற நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வை என்று. நானும் அப்படியே செய்தேன். கரண்டியில் எடுத்தால் பாதிப் பாத்திரம் கட்டியாகக் கூடவே எழுந்து வந்தது. ரவை உப்புமா கிண்டத் தெரியாத ஆள் கிண்டிய மாதிரி இருந்தது.

வட ஆப்பிரிக்காவில் கூஸ்கூஸை ஆவியில்தான் அவிப்பார்கள். ஒரு முறை அவித்துக் கொட்டி, நீர் தெளித்துப் பிசறி, மறுபடி அவித்து, மறுபடி பிசறி, மூன்றாம் முறையும் அவிப்பது. அந்த ஆவியும் வெறும் வெந்நீர் ஆவி கிடையாது. கீழே கறி கொதிக்கும் குழம்பிலிருந்து எழுவது. புட்டு அவிக்கத் தெரிந்தவருக்கு இந்தச் சமையலில் பாதி ஏற்கெனவே கைவந்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

யாருடைய சாப்பாடு இது

மக்ரிப் எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்கா முழுக்க கூஸ்கூஸ் உண்டு, ஊருக்கு ஊர் முறை மாறும். இங்கே சொல்லப்போவது சஹ்ராவிகளின் முறை. மேற்கு சஹாராவின் மக்கள், ஹசானியா அரபி பேசுபவர்கள். ஒட்டகமும் ஆடும் ஓட்டிக்கொண்டு மழை பெய்த இடம் தேடிப் போன குடிகள். 1975-76-ல் ஸ்பெயின் அந்த நிலத்தை விட்டுக் கிளம்பியது. மொராக்கோவும் மொரிட்டானியாவும் உள்ளே வந்தன. போருக்குப் பயந்து பெருங்கூட்டம் அல்ஜீரியாப் பக்கம் ஓடி, திந்தூஃப் ஊரை ஒட்டிய கல்பாலையில் கூடாரம் போட்டது. அரை நூற்றாண்டாகியும் அங்கேதான் இருக்கிறார்கள். ஐந்து முகாம்களுக்கு எல் அயூன், அவ்ஸர்த், ஸ்மாரா, தக்லா, பூஜ்தூர் என்று பெயர். எல்லாம் அவர்கள் விட்டு வந்த ஊர்களின் பெயர்கள்.

அந்த மண்ணில் பெரிதாக எதுவும் விளையாது. உலக உணவுத் திட்டம் 1986 முதல் அங்கே உணவு கொடுத்து வருகிறது. மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, இவ்வளவுதான் அடிப்படை. கறி தினமும் வாய்ப்பதில்லை. அதனால்தான் கறி போட்ட கூஸ்கூஸ் என்றால் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள், அல்லது கல்யாணமோ பெருநாளோ என்று அர்த்தம்.

2020-ல் கூஸ்கூஸ் செய்யும் அறிவை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அல்ஜீரியா, மொராக்கோ, மொரிட்டானியா, துனீசியா நான்கும் சேர்ந்து விண்ணப்பித்தன. மேற்கு சஹாரா விஷயத்தில் முகம் கொடுத்துப் பேசாத அல்ஜீரியாவும் மொராக்கோவும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது இந்த ரவைக்காகத்தான்.

சமைப்பதற்கு முன்னால் மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரே பெரிய தட்டில் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, வலக்கையால் சாப்பிடும் உணவு. கறியை எவ்வளவு பெரிதாக வெட்டுவது, எவ்வளவு குழைய விடுவது, ரவை எவ்வளவு ஈரமாக இருப்பது, எல்லாவற்றையும் அந்தத் தட்டுதான் முடிவு செய்கிறது. கத்தியும் கரண்டியும் இல்லாமல் ஒரு கையால் பிய்க்கிற அளவுக்குக் கறி வெந்திருக்க வேண்டும். உள்ளங்கையில் உருண்டை பிடிக்கிற அளவுக்கு ரவை ஈரப்பட்டிருக்க வேண்டும். எங்கேயாவது சந்தேகம் வந்தால், 'இதைக் கையால் எடுக்க முடியுமா' என்று கேட்டுப் பாருங்கள்.

பாத்திரம்

அங்கே இதற்கென்று இரண்டடுக்குப் பாத்திரம் உண்டு. கீழே வயிறு பெருத்த பானை, மேலே அடியில் துளைகள் உள்ள கெஸ்காஸ். நம் வீட்டில் பிரியாணி வைக்கும் அண்டா ஒன்றும், அதன் வாயில் கச்சிதமாக உட்காரும் துளையுள்ள வடிகூடை ஒன்றும் போதும். துளை பெரிதாக இருந்தால் இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து விரித்துக்கொள்ளுங்கள். இட்லிக் கொப்பரையிலும் செய்யலாம், ஆனால் ஒரு கிலோ ரவை வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் உப்பும், ஒரே ஈடில் அடங்காது. கூடவே, பிசறுவதற்கு ஒரு அகலமான தாம்பாளம் வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் பாதி ரவை தரையில்தான் இருக்கும்.

என்னென்ன, எவ்வளவு

எட்டுப் பேருக்குக் கணக்கு சொல்கிறேன். நடுத்தர அளவு கூஸ்கூஸ் ஒரு கிலோ. எலும்போடு ஆட்டுக்கறி ஒன்றரைக் கிலோ. கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ அரைக் குவளை, நெய் 75 கிராம். பெரிய வெங்காயம் நான்கு, தக்காளி மூன்று. வெள்ளைக் கொண்டைக்கடலை 150 கிராம், முந்தின இரவே ஊறப்போட்டது. கேரட் ஆறு, டர்னிப் மூன்று (கிடைக்காவிட்டால் நூல்கோல்), முட்டைக்கோஸ் பாதி, மஞ்சள் பூசணி அரைக் கிலோ. மிளகுத்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு.

மசாலா அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். நம் கை சும்மா இருக்காது, தெரியும். பட்டை கிராம்பு டப்பாவைத் திறக்கும், மிளகாய்த்தூளைத் தேடும். வேண்டாம். பத்து மசாலா சேர்ந்த கூஸ்கூஸும், உலர்திராட்சையோடு இனிப்பாக வதக்கிய வெங்காயம் போட்ட கூஸ்கூஸும் மொராக்கோ நகரங்களின் வழக்கம். நல்ல உணவுதான், இது வேறு. பாலைவனத்து முறையில் கறியும் கொழுப்பும் உப்பும்தான் ருசி. காய்கறிகூட அதில் பிற்பாடு சேர்ந்ததுதான். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டே இருந்தவர்களுக்குத் தோட்டம் ஏது?

கறி விஷயத்தில் ஒன்று. உண்மையான விருந்துக்கு அங்கே ஒட்டகக் கறி போடுவார்கள். ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாகப் பள்ளியில் யாரோ சொல்லியிருப்பார்கள், இருப்பது முழுக்கக் கொழுப்பு. அந்தக் கொழுப்பைச் சமையலுக்கு எடுத்து வைப்பார்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒட்டகக் கறி கடையிலேயே கிடைக்கும், வாங்கினால் வேகும் நேரத்தில் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஆடுதான். முகாம்களிலும் பெரும்பாலும் வெள்ளாடுதான் என்பதால் இதில் குறை ஒன்றும் இல்லை.

கறிக்கடையில் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய ஒன்று: "குழம்புக்கு வெட்டுற மாதிரி வேணாம், பெருசா போடுங்க." இல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் அவர் எலுமிச்சை அளவுக்கு வெட்டித் தள்ளிவிடுவார். ஒவ்வொரு துண்டும் கைமுட்டி அளவு இருக்கட்டும். தொடை, சப்பை, கொஞ்சம் நெஞ்செலும்பு. கொழுப்பை நீக்கச் சொல்லாதீர்கள்.

அடுப்பில் கறி ஏறட்டும்

பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பத்து மணிக்கே தொடங்கிவிடுங்கள். அண்டாவில் எண்ணெயில் பாதியைக் காயவைத்து, கறியை இரண்டு மூன்று ஈடாகப் போட்டு எல்லாப் பக்கமும் பழுப்பு ஏறும்வரை புரட்டுங்கள். அதை எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் நீளமாக நறுக்கிய வெங்காயத்தை வதக்குங்கள். வெங்காயம் துவண்டதும் தக்காளி, மிளகு, மஞ்சள். தக்காளி கரைந்ததும் கறியைத் திருப்பிப் போட்டு, கொண்டைக்கடலையையும் மூன்று லிட்டர் வெந்நீரையும் சேருங்கள். கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, சிறு தீயில் மூடி வைக்கலாம். உப்பை இப்போது பாதி மட்டும் போடுங்கள். குழம்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுண்டப்போகிறது, இப்போதே சரியாகப் போட்டால் கடைசியில் கரிக்கும்.

குக்கரில் வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். முடியும்தான், ஆனால் ரவையை அவிக்க ஆவி எங்கிருந்து வரும்? முற்றிய ஆடாக இருந்தால் குக்கரில் மூன்று விசில் விட்டு, அப்புறம் அண்டாவுக்கு மாற்றுங்கள்.

இனி ரவை

இந்தக் கட்டத்தில் கொஞ்சம் நின்று செய்யுங்கள். மற்றதெல்லாம் தானாக வேகும், இது மட்டும் கைவேலை.

ஒரு கிலோ கூஸ்கூஸைத் தாம்பாளத்தில் கொட்டி, மீதி எண்ணெயில் மூன்று மேசைக்கரண்டி விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து உதிருங்கள். ஒவ்வொரு மணியிலும் எண்ணெய் ஒட்டவேண்டும். கால் லிட்டர் தண்ணீரை ஒரே ஊற்றாக ஊற்றாமல், கையில் அள்ளித் தெளித்தபடி பிசறுங்கள். புட்டு மாவுக்கு என்ன சொல்வோம்? பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதே பதம்தான். பத்து நிமிடம் ஊறவிட்டு, கட்டி தட்டுப்பட்டால் விரல் நுனியால் உடைத்துவிடுங்கள்.

கறி ஒரு முக்கால் மணி நேரம் வெந்ததும் அண்டா மூடியை எடுத்துவிட்டு வடிகூடையை ஏற்றுங்கள். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் இடுக்கு வழியாக ஆவி வெளியேறினால் ரவை வேகவே வேகாது. மைதாக் கரைசலில் நனைத்த துணிப்பட்டையை அந்தச் சந்தில் சுற்றிக் கட்டுங்கள். தம் பிரியாணிக்கு மாவு ஒட்டுவோமே, அதேதான். மக்ரிப் வீடுகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

எல்லா ரவையையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். முதலில் இரண்டு கைப்பிடி. அதைத் துளைத்துக்கொண்டு ஆவி மேலே வருவது கண்ணுக்குத் தெரிந்ததும் மீதியைக் கையால் உதிர்த்துத் தூவுங்கள். அழுத்த வேண்டாம், தட்ட வேண்டாம், மூடியும் போட வேண்டாம். மூடினால் ஆவி நீராகி ரவைமேல் சொட்டும், அந்த இடம் களியாகும். நான் இரண்டாவது தடவை கெடுத்தது இந்த மூடியால்தான். குவியலின் உச்சியிலிருந்து ஆவி தடையில்லாமல் வரத் தொடங்கியதும் நேரம் பாருங்கள், அதிலிருந்து பதினைந்து நிமிடம்.

அப்படியே தாம்பாளத்தில் கவிழ்த்தால் ஒரு பெரிய கேக் மாதிரி வந்து விழும். பயப்பட வேண்டாம். சூடு கையைச் சுடும், அதனால் முதலில் கரண்டியின் முதுகால் தட்டிப் பரப்புங்கள். 400 மில்லி தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கிளறுங்கள். சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் கையை விட்டு உதிர்த்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மணி ஒவ்வொன்றும் கண்ணெதிரே பெருப்பதைப் பார்க்கலாம். மறுபடி ஏற்றிப் பதினைந்து நிமிடம்.

மூன்றாவது முறைக்குக் கால் லிட்டருக்குச் சற்று அதிகமாக நீர். ஒன்றிரண்டு மணியை வாயில் போட்டுப் பாருங்கள். நடுவில் நறுக்கென்று இருந்தால் இன்னும் ஐம்பது மில்லி தெளிக்கலாம், மெத்தென்று ஆகிவிட்டால் நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி அவிப்பைச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது வைத்துக்கொள்ளவும். இறக்கியதும் நெய்யைச் சூட்டோடு போட்டுப் பிசறினால் ரவை பளபளப்பாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்கும்.

பெட்டியில் வரும் கூஸ்கூஸ் ஏற்கெனவே ஆலையில் ஒருமுறை அவித்து உலர்த்தியது. அதற்கு இரண்டு அவிப்பே போதும் என்பவர்கள் உண்டு. நேரமில்லாத நாளில் நானும் இரண்டோடு நிறுத்துவேன். ஆனால் மூன்றாவது அவிப்பில்தான் குழம்பு மணம் ரவைக்குள் இறங்குகிறது.

ரவையையே கையால் உருட்டிப் பார்க்க ஆசையா? அரைக் கிலோ பெரிய ரவையைத் தாம்பாளத்தில் பரப்பி, உப்பு நீரைத் துளித் துளியாகத் தெளித்து, விரல்களை விரித்த உள்ளங்கையால் வட்டமாகச் சுற்றிச் சுற்றி உருட்டுங்கள். நடுநடுவே கோதுமை மாவைத் தூவினால் ஒவ்வொரு ரவையும் மாவுப் போர்வை போர்த்திச் சிறு மணியாகத் திரளும். சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூளை மறுபடி உருட்டி, திரண்டதை ஒருமுறை அவித்து வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தனியாளாகச் செய்தால் தோள் கழன்றுவிடும். அங்கே ஆள் கூடிச் செய்யும் வேலைக்குத் துவீசா என்று ஒரு சொல்லே இருக்கிறது. கூடாரம் தைப்பது போன்ற வேலைக்கெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் கூடுவார்கள்.

காய்கறி

கேரட்டை நீளவாக்கில் இரண்டாக, டர்னிப்பை நான்காக, முட்டைக்கோஸைத் தண்டோடு பெரிய பிளவாக வெட்டுங்கள். சாம்பாருக்கு நறுக்குவதுபோல் நறுக்கினால் குழம்பில் காணாமல் போய்விடும். இரண்டாம் அவிப்பு முடிந்து வடிகூடையை இறக்கியிருக்கும் இடைவெளியில் இவற்றைக் குழம்பில் போடுங்கள். பூசணியைத் தோலோடு பெரிய துண்டாக வெட்டி, மூன்றாம் அவிப்புக்குக் கூடையை ஏற்றும்போது போட்டால் போதும். குழம்பு மிகவும் சுண்டியிருந்தால் அப்போதே வெந்நீர் சேர்த்து, உப்பையும் சரிபார்த்துவிடுங்கள். கறித்துண்டு ஒன்றைக் கரண்டியால் அழுத்தினால் எலும்பை விட்டு நழுவ வேண்டும்.

தட்டில் போடுவது

பெரிய வட்டத் தட்டு ஒன்று, கொஞ்சம் குழிவாக இருந்தால் நல்லது. ரவையைக் குவித்து, நடுவில் குழி செய்து, இரண்டு மூன்று கரண்டி குழம்பைச் சுற்றி ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். குழியில் கறியை அடுக்குங்கள். காய்களை உச்சியிலிருந்து விளிம்பு நோக்கிச் சாய்த்து, எந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் ஒவ்வொரு காயும் கிடைப்பதுபோல் வையுங்கள். பூசணி எல்லாம் ஒரே பக்கம் போய்விட்டால் எதிர்ப்பக்கத்துக்காரர் கையை நீட்ட முடியாது, நீட்டுவது மரியாதையில்லை. கொண்டைக்கடலையை மேலே தூவுங்கள். மீதிக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வைத்து, தட்டு காயக் காய ஊற்றிக்கொள்ளலாம்.

கை கழுவ யாரும் எழுந்து போவதில்லை. வீட்டில் சின்னவர் ஒருவர் கெண்டியும் தட்டமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் நீர் வார்ப்பார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தபின், அவரவர்முன் உள்ள பகுதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ரவையைக் கொஞ்சம் அள்ளி, உள்ளங்கையில் குலுக்கிக் குலுக்கி இறுக்கினால் உருண்டையாகும், அதைக் கட்டைவிரலால் தள்ளி வாயில் போடுவது. முதல் சில உருண்டை உடைந்து மடியில் கொட்டும். கரண்டி கேட்டால் தருவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கறியை யாரும் தாங்களாகப் பாய்ந்து எடுப்பதில்லை. வீட்டுக்காரர் துண்டைப் பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளுவார், விருந்தாளி பக்கம் கொஞ்சம் அதிகமாக. உங்கள் வீட்டில் சமைத்தவர் நீங்கள் என்றால் அந்த வேலை உங்களுடையது. உங்கள் பங்கு எலும்பாகவே இருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேநீர்

சாப்பாடு முடிந்ததும் அடுத்த வேலை அட்டாய். சீனப் பச்சைத் தேயிலை, நிறையச் சர்க்கரை, புதினா, கரி அடுப்பு. சின்னக் கண்ணாடிக் குவளைகளில் உயரத்திலிருந்து ஊற்றி, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி நுரை கட்டவிடுவார்கள். மூன்று சுற்று உண்டு. முதலாவது வாழ்க்கை போலக் கசப்பு, இரண்டாவது காதல் போல இனிப்பு, மூன்றாவது மரணம் போல மென்மை என்று சொல்வழக்கு. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு கணக்கு. நல்ல தேநீருக்கு மூன்று 'ஜ' வேண்டுமாம்: ஜமாஅ, ஜர், ஜம்ர். கூடியிருக்க ஆட்கள், இழுத்தடிக்கும் நிதானம், தணல். மூன்றாவது குவளை வருவதற்கு முன் எழுந்து போவது நன்றாக இருக்காது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரவை மிஞ்சினால் குழம்பு படாத பகுதியை மட்டும் தனியே எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஐந்து நிமிடம் அவித்து, காய்ச்சிய பாலும் சர்க்கரையும் விட்டுச் சாப்பிடலாம். வீட்டில் மோர் புளிக்காமல் இருந்தால் அதையும் ஊற்றிப் பாருங்கள். குழம்பில் ஊறியது வேலைக்காகாது, அன்றிரவே தீர்த்துவிடுங்கள்.